பத்தாவது ஆள்

டெய்லரக்காவுக்குக் காது கேட்காமல் போனபோது வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை. ஏழு நாள் விடாத காய்ச்சல். எட்டாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. இறங்கும்போது சத்தங்களையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. அடியோடு போய்விட்டது என்று சொல்ல முடியாது. தெருவில் லாரி ஹாரன் அடித்தால் நெஞ்சுக்குள் ஏதோ மோதுவது போல் இருக்கும். இடி இடித்தால் தெரியும். மனிதக் குரல் மட்டும் எட்டாது. நான்கு மாதம் கழித்து மகள் பிறந்தாள். நர்ஸ் குழந்தையைத் தூக்கிக் காட்டியபோது, வாய் திறந்திருப்பதைப் பார்த்துத்தான் அது அழுகிறது என்று அவள் தெரிந்துகொண்டாள்.

பேச்சு அவளுக்குப் போகவில்லை. தன் குரல் தனக்கே கேட்காததால் சில சமயம் கத்திவிடுவாள், சில சமயம் உதடு மட்டும் அசையும். மற்றவர்கள் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகினாள். அப்படிப் பழகிய நாளில் அவளுக்கு முதல் எதிரியாக வாய்த்தது கணவரின் மீசை. அவர் தண்ணீர்த் துறையில் குழாய் ஃபிட்டர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பார்த்துப் பார்த்து வளர்த்த மீசை, மேலுதட்டை முழுசாக மூடிக்கொண்டிருந்தது. "எடுங்க" என்றாள். மறுநாள் எடுத்துவிட்டார். வேலையிடத்தில் ஒரு மாதம் அவரைப் பார்த்துச் சிரித்தார்களாம். அவர் அதைப் பற்றி வீட்டில் வாய் திறக்கவில்லை.

வீட்டின் முன்னறைதான் கடை. இடது பக்கம் சைக்கிள் ரிப்பேர் கடை, வலது பக்கம் ஜெராக்ஸ் கடை. ஒரு தையல் மெஷின், துணி ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக் மெஷின், துணி வெட்ட உயரமான ஒரு மேஜை. பள்ளிக்கூடச் சீருடை, ஆபீஸ் சட்டை, பேண்ட்டுக்கு நீளம் குறைப்பது, ஜன்னல் திரை, இவைதான் வேலை. யாருடைய உதடாவது பிடிபடவில்லை என்றால் தையல் சாக்கட்டியை நீட்டுவாள். அவர்கள் மேஜைமேலேயே எழுதுவார்கள். சாயங்காலம் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் அன்றைய பேச்செல்லாம் போய்விடும்.

மகளை எல்லோரும் வாலு என்று கூப்பிட்டார்கள். ஸ்டூலில் ஏறி உட்காரத் தெரிந்த நாளிலிருந்து அவள்தான் கடைக்குக் காது. வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, அம்மாவுக்கு எதிரே வந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையையும் உதட்டில் அழுத்தி வைத்துச் சொல்வாள். மற்ற குழந்தைகள் வாயைக் கோணி விளையாடும் வயதில் இவள் வாயைத் திருத்தமாக வைத்துக்கொண்டு வளர்ந்தாள். பள்ளி விட்டதும் நேரே கடை. ஞாயிற்றுக்கிழமையும் கடை. இப்போது பன்னிரண்டு வயது.

நல்ல காதுக் கருவி வைத்தால் பேச்சுக் கேட்க வழியிருக்கிறது என்று டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். விலையைக் கேட்ட பிறகு புருஷனும் பொண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அதற்குப் பின் அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் மருந்துக்கடையின் மாடியில் சனிக்கிழமைதோறும் பத்தொன்பது பெண்கள் கூடுவார்கள். மகளிர் சேவைச் சங்கம் என்று பலகை தொங்குகிறது. ஊர் அதைச் சனிக்கிழமைச் சங்கம் என்றுதான் சொல்லும். பெரிய காரியம் எதிலும் அவர்கள் கை வைக்க மாட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் சாய்ந்து உட்கார முதுகு வைத்த பெஞ்சு, நூலகத்துக்குச் சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி ஒரு சரிவு, பெண்கள் பள்ளிக் கழிப்பறைக் கதவுகளுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் என்று, யாரும் கவனிக்காமல் விட்ட வேலையாகப் பார்த்து எடுப்பார்கள். அதற்கான பணத்தைக் கேக் விற்றும், பழைய பேப்பர் சேர்த்தும், வீட்டுக்கு வீடு ஏறி இறங்கியும் திரட்டுவார்கள்.

தலைவி, டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற அம்மா. முப்பது வருஷமாக ஓடும் காருக்குள் உட்கார்ந்து "பிரேக், பிரேக்" என்று சொல்லிச் சொல்லி உரம் ஏறிய குரல். செயலாளர், கீழே மருந்துக்கடையை நடத்துகிற அக்கா. அந்த வருஷம் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு விடை அவருடைய கடையிலிருந்தே வந்தது. வயதான ஒருவரிடம் மாத்திரையைக் கொடுத்து, மூன்று வேளைக்கு ஒவ்வொன்று என்று சொல்லியிருக்கிறார். மனுஷர் நன்றாகத் தலையாட்டிவிட்டுப் போய் மூன்றையும் ஒரே வேளையில் விழுங்கிவிட்டார். நல்லவேளை, இரண்டு நாள் தூக்கத்தோடு தப்பித்தார். காது கேட்காமலேயே தலையாட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று மருந்துக்கடை அக்கா அன்றிலிருந்து கவனித்துப் பெயர் எழுத ஆரம்பித்தார். பத்துப் பேருக்குக் காதுக் கருவி என்று சங்கத்தில் முடிவானது.

துணிப்பை தைத்து விற்கலாம் என்று ஒரு யோசனை. திரைத்துணிக் கடைக்காரர் மிச்சத் துண்டுகளை மூட்டையாகக் கொடுத்தார். மருந்துக்கடை அக்கா மூட்டையோடு டெய்லரக்கா கடைக்கு வந்தார். எதற்காக என்பதை வாலு எடுத்துச் சொன்னாள். காது கேட்காதவர்களுக்காக என்றதும் டெய்லரக்கா கூலி வேண்டாம் என்றுவிட்டாள். மூன்று வாரத்தில் இருநூறு பை. கைப்பிடி அறுந்து போகாதபடி நான்கு மூலையிலும் இரட்டைத் தையல்.

அதோடு நிற்கவில்லை. ஆறு ஞாயிற்றுக்கிழமை டிரைவிங் ஸ்கூல் முற்றத்தில் சங்கத்துப் பெண்கள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கார் கழுவினார்கள். முதல் ஞாயிறு வேடிக்கை பார்க்கத்தான் கூட்டம் வந்தது. இரண்டாம் ஞாயிறு வேடிக்கை பார்த்தவர்களே காரோடு வந்து நின்றார்கள். முற்றத்துக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருவதாக வாலு வீட்டில் சொல்லப்போக, ஃபிட்டர் அன்று மாலையே கருவிப் பையோடு போய், பழைய வால்வைக் கழற்றிப் புதிது போட்டுக் கொடுத்துவிட்டு, டீ கூடக் குடிக்காமல் திரும்பி வந்தார்.

பணம் சேர்ந்தது. பத்துப் பேர் பட்டியலை எடுத்துக்கொண்டு தலைவியும் செயலாளரும் கடைக்கு வந்தார்கள். வாலு அம்மாவிடம், சனிக்கிழமை மாடியில் சும்மா காது பரிசோதனை செய்கிறார்களாம், போய்விட்டு வரலாம் என்று மட்டும் சொன்னாள். ஆனால் பேச வந்த இருவரின் முகமும் சும்மா பரிசோதனைக்கு அழைக்க வந்த முகமாக இல்லை. டெய்லரக்கா பட்டியலை வாங்கிப் பார்த்தாள். கடைசியில் தன் பெயர்.

தன்னைச் சேர்க்க வேண்டாம் என்றாள். தனக்கு மகள் இருக்கிறாள், தொழில் இருக்கிறது, இதைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்குக் கொடுங்கள் என்று, குரல் ஏறியது தெரியாமல், பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னாள். டிரைவிங் அம்மா பதில் பேசிப் பார்த்தார். அவர் வேகத்துக்கு உதடு பிடிபடவில்லை. சாக்கட்டியை எடுத்து மேஜை நீளத்துக்கும் கொட்டை கொட்டையாக எழுதினார்: "பத்துன்னு ஊரெல்லாம் சொல்லிட்டோம். ஒன்பதோட நிறுத்தினா என் மானம் போயிடும். நீங்கதான் பத்தாவது ஆள்."

டெய்லரக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு மறுப்பது கஷ்டம்.

கருவி பொருத்திய நாள் மாடியறையில் இருபது முப்பது பேர். காது பரிசோதிக்கும் பெண் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிவிட்டு, இரண்டு காதிலும் மாட்டி, கையை உயர்த்தி எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னாள். டெய்லரக்காவுக்கு முதலில் கேட்டது ஒரு நாற்காலி தரையில் இழுபடும் சத்தம். பிறகு டிரைவிங் அம்மா மெதுவாகத்தான் பேசினார். அந்த மெதுவுக்கே டெய்லரக்கா தோளைக் குறுக்கிக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். வாலு முன்னால் வந்து நின்றாள். வழக்கம்போல வாயைத் திருத்தமாக வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா."

பன்னிரண்டு வருஷமாக அந்த உதட்டசைவுக்கு டெய்லரக்கா மனசுக்குள் ஒரு குரல் வைத்திருந்தாள். மெலிசான, கீச்சென்ற, சின்னக் குழந்தைக் குரல். வந்தது அது இல்லை. சற்றுக் கரகரத்த, கனமான குரல். ஃபிட்டரின் அக்காவுக்கு இருந்ததே, அதே கட்டைக் குரல். யாரோ ஒரு பெரிய பெண் தன் மகளின் வாய் வழியாகப் பேசியது போல் இருந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். வாலு சொன்னாள். மூன்றாம் தடவை சொல்வதற்குள் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். தகரத்தைக் கொண்டுபோய்த் தகரத்தின்மேல் கொட்டினது போல் இருந்தது அந்தக் கைதட்டல். அவள் சிரித்துக்கொண்டே பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மெஷினில் உட்கார்ந்து மிதித்தாள். கிறீச்சென்று ஒரு அலறல். காலை எடுத்துவிட்டாள். மறுபடி மிதித்தாள், மறுபடி அலறியது. எண்ணெய் விட்டாள், பெல்ட்டைத் தளர்த்தினாள், சத்தம் குறையவில்லை. இது எப்போதிருந்து இப்படி என்று வாலுவைக் கேட்டாள். தனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் இப்படித்தான் என்றாள் வாலு. டெய்லரக்காவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. நேரே சைக்கிள் கடைக்குப் போய், இத்தனை வருஷமாக இந்த அலறலைப் பொறுத்துக்கொண்டு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டாள்.

சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் சொன்னார். எதிரில் நிற்பது உதட்டைப் பார்க்கிறவள் என்ற நினைவு வந்து, தலையைத் தூக்கி மறுபடியும் சொன்னார்.

"அந்தச் சத்தம் வந்தாத்தான் நீங்க நல்லா இருக்கீங்கன்னு எங்களுக்குத் தெரியும். நடுவுல ஒரு வாரம் வரல. ஜெராக்ஸ்காரரும் நானும் வந்து எட்டிப் பாத்தோமே, ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் இருந்தது. வைரஸ் காய்ச்சலில் படுத்திருந்த வாரம். இருவரும் எதற்கோ வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனார்கள். எதற்கென்று அவள் அப்போது கேட்கவில்லை.

ஃபிட்டர் அந்த ஞாயிறு மெஷினைப் பிரித்துப் போட்டு, தேய்ந்த பேரிங்கைக் கண்டுபிடித்து மாற்றினார். அலறல் நின்றது. மற்றவை நிற்கவில்லை. குழாயைத் திறந்தால் அருவி. தட்டின்மேல் தட்டு வைத்தால் காதுக்குள் அடி. ஓவர்லாக் மெஷினைப் போட்டால் தலைக்குள்ளேயே ஓடியது. நாலு பேர் சேர்ந்து பேசினால் யார் என்ன பேசுகிறார்கள் என்று பிரியாமல் ஒரே இரைச்சலாகக் கட்டிக்கொண்டு வந்தது. சாயங்காலமானால் தலைவலி. ஒரு நாள் கருவியைக் கழற்றிப் பட்டன் டப்பாவில் போட்டு மூடினாள். அப்படியொரு நிம்மதி. நிம்மதியாக இருந்ததே அவளைக் குத்தியது. பத்தொன்பது பெண்கள் பூட்ஸ் போட்டுக்கொண்டு வெயிலில் நின்று கழுவிய காசு அந்த டப்பாவுக்குள் கிடந்தது.

மருந்துக்கடை அக்கா வாரம் ஒரு தடவை கடை வழியாகப் போகும்போது எட்டிப் பார்ப்பார். அவர் தெருமுனையில் திரும்புவது தெரிந்தாலே டெய்லரக்கா டப்பாவைத் திறந்து கருவியை மாட்டிக்கொள்வாள். எப்படி இருக்கிறது என்று கேட்டால், நன்றாகக் கேட்கிறது என்பாள். வாலு ஸ்டூலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நாலாவது வாரம் ஒரு வியாழக்கிழமை. மருந்துக்கடை அக்கா வருகிற நேரம் என்று கருவியை மாட்டிக்கொண்டு, உள்ளறையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள் டெய்லரக்கா. முன்னறையில் யாரோ வந்தார்கள். வங்கியில் வேலை பார்க்கும் அம்மா. நாலைந்து வருஷமாக வருகிறவர். எப்போது வந்தாலும் டெய்லரக்காவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். முந்தின நாள்தான் அவருடைய இரண்டு ஆபீஸ் சட்டைகளைத் தைத்துக் கொடுத்திருந்தாள். நடுவில் திரை தொங்கியதால் உள்ளே ஆள் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் பயமில்லை, கேட்கவா போகிறது.

"உங்கம்மாவுக்குக் காதுதான் இல்லைன்னு நெனச்சேன். கண்ணும் இல்லையா? கையத் தூக்க முடியல. செவிடிகிட்டக் குடுக்காதேன்னு ஆபீஸ்ல அப்பவே சொன்னாங்க. பாவம்னு பாத்துக் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்."

எல்லா வார்த்தையும் பிடிபட்டது என்று சொல்ல முடியாது. பிடிபட்டதே போதுமாக இருந்தது. வாலு என்ன சொல்லப்போகிறாள் என்று திரைக்குப் பின்னால் அசையாமல் நின்றாள்.

"சாரி ஆன்ட்டி. அம்மாகிட்டச் சொல்லிச் சரி பண்ணித் தரேன்" என்றது அந்தக் கட்டைக் குரல். பதறவில்லை, கோபப்படவில்லை. பழகிப்போன குரல்.

திரையை விலக்கிக்கொண்டு வாலு உள்ளே வந்தாள். அம்மாவின் எதிரே நின்று, உதட்டை அழுத்தி அழுத்திச் சொன்னாள். சட்டை ரொம்ப அழகாக இருக்கிறதாம். தோளில் மட்டும் கொஞ்சம் லூஸ் பண்ணிக் கொடுத்தால் போதுமாம். சொல்லிவிட்டு, வங்கியம்மா சார்பில் ஒரு சிரிப்பும் சிரித்தாள்.

அப்போதுதான் அவள் கண் அம்மாவின் காதுக்குப் போனது. கருவி மாட்டியிருந்தது.

டெய்லரக்கா திரையை விலக்கினாள். முன்னறைக்குப் போனாள். வங்கியம்மா சட்டென்று சிரித்தார். டெய்லரக்கா சட்டையை வாங்கி, மேஜையில் விரித்து, இஞ்ச் டேப்பை வைத்துத் தோளை அளந்தாள். அரை இஞ்ச் குறைவாகத்தான் இருந்தது. தப்பு அவளுடையதே.

"தோள்ல அரை இஞ்ச் புடிச்சிருக்கு. தப்பு என்னுதுதான். நாளைக்குக் காலையில தந்துடறேன்" என்றாள். குரல் ஏறாமல் இருப்பது அவளுக்கே கேட்டது. "இனிமே என்னன்னாலும் எங்கிட்டயே சொல்லுங்க. இப்ப எனக்குக் கேக்குது."

வங்கியம்மாவின் சிரிப்பு இருந்த இடத்திலேயே நின்றுபோனது. சரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

வாலு முன்னறைக்கு வந்து, தையல் மெஷினின் ஸ்டூலில் உட்கார்ந்து சக்கரத்தைச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தாள். அம்மா எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"முதல் வகுப்பு லீவுல இருந்து."

"எதுக்கு?"

வாலு யோசித்தாள். "ஒருத்தங்க வந்து என்னமோ சொன்னாங்க. அதை அப்படியே உங்கிட்டச் சொன்னேன். நீ அன்னிக்கு முழுக்கச் சாப்பிடல. மெஷின்லயே குனிஞ்சு உக்காந்திருந்தே. அதுக்கப்புறம் அளவை மட்டும் சொல்லுவேன். எங்க லூஸ், எங்க டைட், எப்ப வேணும். மத்ததை வெட்டிடுவேன்."

ஆறு வயதில் வெட்டத் தொடங்கியிருக்கிறாள். துணியில் வேண்டாததை அம்மா வெட்டித் தள்ளுவதைப் பார்த்துப் பார்த்து, பேச்சில் வேண்டாததை மகள் வெட்டித் தள்ளியிருக்கிறாள். வெட்டி விழுந்ததெல்லாம் இந்தச் சின்னக் காதுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. ஆறு வருஷத்துத் துண்டுகள்.

"அப்ப ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னதெல்லாம்?"

"பாதி நெஜம்" என்றாள் வாலு. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாதிக்கு மேலயே" என்றாள்.

டெய்லரக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. மகளின் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தன்னைப் பாவம் என்று நினைத்துக்கொண்டே எத்தனை நாளைக் கழித்திருக்கிறோம் என்று நினைத்தாள். பாவமாக இருக்கக்கூட விடாமல் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதுவும் பல் விழுந்து முளைக்காத வயதிலிருந்து.

அன்று மருந்துக்கடை அக்கா வரவில்லை, கடையில் கூட்டமாம். டெய்லரக்கா கருவியைக் கழற்றவில்லை. தலைவலியோடேயே தோளைப் பிரித்துத் தைத்தாள்.

சனிக்கிழமை அவளே மாடியேறிப் போனாள். சங்கத்துப் பெண்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அடுத்த வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நன்றி சொல்ல வந்திருப்பதாக நினைத்து டிரைவிங் அம்மா எழுந்து நாற்காலி போட்டார். டெய்லரக்கா உட்காரவில்லை. பட்டன் டப்பா விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள். மூன்று வாரம் மாட்டவே இல்லை, மாட்டியதாகப் பொய் சொன்னேன், இரைச்சல் தாங்க முடியவில்லை, வெயிலில் நின்று வாங்கிக் கொடுத்த உங்களிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்றாள்.

டிரைவிங் அம்மா நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"நீங்க தைக்கிற சட்டை முதல் தடவை போட்டதுமே எல்லாருக்கும் சரியா இருந்துடுமா?"

"எப்படி இருக்கும்? போட்டுப் பாத்து, திருப்பிக் கொண்டாந்து, அங்க இங்க புடிச்சுத்தான்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். காதுக் கருவியைத் திருப்பிக் கொண்டுபோகலாம், சரிசெய்து தரச் சொல்லிக் கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இனாமாக வந்த பொருளில் குறை சொல்லக்கூடாது என்று நினைத்துவிட்டாள்.

"அது எங்க தப்பு" என்றார் டிரைவிங் அம்மா. "வாங்கிக் குடுத்தோம், கை தட்டினோம், அடுத்த வேலையப் பாக்கப் போயிட்டோம். ஸ்டியரிங்கக் கையில குடுத்துட்டு நடுரோட்டுல எறங்கிப் போனா மாதிரி."

மருந்துக்கடை அக்காவுக்கு அப்போதே பொறி தட்டியது. மற்ற ஒன்பது பேர்? அடுத்த வாரம் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். இந்தத் தடவை, எப்படி இருக்கிறது என்று கேட்பதற்குப் பதில், எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஆறு பேருடையது காதில் இல்லை. ஒரு அம்மா விலை உயர்ந்த பொருளாயிற்றே என்று நகையோடு பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். இன்னொருவர் பாட்டரி தீர்ந்ததும் கருவியே செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். மூன்று மாத்திரையை ஒன்றாக விழுங்கிய பெரியவர், மனைவி வெளியே போயிருக்கும்போது மட்டும் மாட்டிக்கொள்வதாகச் சொன்னார். அந்த அம்மாவும் பக்கத்தில்தான் நின்றார். அவரே முதலில் சிரித்தார்.

காது பரிசோதிக்கும் பெண்ணை மாதத்துக்கு இரண்டு தடவை மாடிக்கு வரவழைத்து, ஒவ்வொருவருக்கும் பிடிக்கிற அளவுக்குச் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துத் தர ஏற்பாடு ஆனது. டெய்லரக்காவின் கருவியை அவள் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சத்தம் வைத்துக்கொண்டா நாலு வாரம் இருந்தீர்கள் என்று அவளே வருத்தப்பட்டாள். குறைத்ததும் ஓவர்லாக் மெஷின் தலைக்குள்ளிருந்து இறங்கி மேஜைக்குப் போய்விட்டது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று பழகச் சொன்னாள். அந்தப் பெண் வந்து போகிற செலவுக்கும் பாட்டரிக்கும் மறுபடியும் நாலு ஞாயிறு கார் கழுவினார்கள். இந்தத் தடவை பூட்ஸ் போட்டவர்கள் இருபது பேர். டெய்லரக்காவின் பூட்ஸ் இரண்டு அளவு பெரிசு. ஃபிட்டர் தன் வேலையிடத்திலிருந்து கொண்டுவந்தது.

வருஷக் கூட்டத்தில் அவளைப் பேசச் சொன்னார்கள். எழுதி வைத்திருந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமலேயே பேசினாள். பை தைக்கும்போது இது யாருக்கோ என்று நினைத்துத் தைத்ததாகச் சொன்னாள். தன் வீட்டிலேயே ஒரு காது தனக்காக ஆறு வருஷமாக வேலை பார்த்துக்கொண்டிருந்ததைத் தெரிந்துகொள்ள இன்னொரு காது தேவைப்பட்டது என்றாள். "நீங்க எனக்குக் குடுத்ததைவிட என் பொண்ணுக்குக் குடுத்ததுதான் அதிகம். அவளுக்கு லீவு குடுத்தீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கை தட்டினார்கள். கைதட்டல் கைதட்டல் மாதிரியே கேட்டது.

லீவு என்றது உண்மைதான். கடைக்கு வருகிறவர்களிடம் டெய்லரக்காவே பேசினாள். புரியாவிட்டால், இன்னொரு தடவை சொல்லுங்க என்பாள். வங்கியம்மா இரண்டு மாதம் வரவில்லை. மூன்றாம் மாதம் ஒரு பேண்ட்டோடு வந்து, நேராக அவளைப் பார்த்து, இடுப்பில் ஒரு இஞ்ச் குறைக்க வேண்டும் என்றார். பேண்ட்டை மடித்து வாங்கிக்கொண்ட பிறகும் போகாமல் நின்றார். அன்றைக்குப் பேசியது தப்பு என்றார். டெய்லரக்கா சாக்கட்டியால் இடுப்பில் கோடு போட்டுக்கொண்டே, வெள்ளிக்கிழமை ரெடியாக இருக்கும் என்றாள்.

வாலு பள்ளியில் கைப்பந்து அணியில் சேர்ந்தாள். முதலில் சில நாள் நாலரை மணிக்கே ஓடிவந்து கடை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பிறகு அதுவும் குறைந்தது. முழங்காலில் சிராய்ப்போடும் தலை நிறையப் புழுதியோடும் ஆறு மணிக்கு வந்தாள். வாயைத் திருத்தமாக வைத்துக்கொண்டு பேசும் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போய், மற்ற பிள்ளைகள் மாதிரி பாதி வார்த்தையை முழுங்கிப் பேச ஆரம்பித்தாள். டெய்லரக்கா ஒருநாள் அதற்காகத் திட்டப் போனவள், திட்டாமல் விட்டுவிட்டாள்.

ஒரு சாயங்காலம் டெய்லரக்கா சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாலு விளையாடிவிட்டு வந்து நேரே குளிக்கப் போயிருந்தாள். ஃபிட்டர் முன்னறையில் செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, துண்டு எங்க?" என்று குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கொடியிலதான் கெடக்கும், பாத்து எடுத்துட்டுப் போக மாட்டியா?" என்றாள் டெய்லரக்கா, நறுக்குவதை நிறுத்தாமல்.

"ஈரமா இருக்கு. வேற குடு."

"எனக்குக் கை வேலையா இருக்கு. அப்பாவக் கேளு."

முன்னறையில் சுத்தியல் நின்றது. ஃபிட்டர் எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றார். மனைவியைப் பார்த்தார், மூடியிருந்த குளியலறைக் கதவைப் பார்த்தார். அவள் அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் முகம் பார்க்காமல் யாரும் அவளோடு பேசியதில்லை.

"அம்மா, என்ன பண்றீங்க எல்லாரும்? குளிருது" என்றாள் வாலு உள்ளேயிருந்து.

"இதோ வந்துட்டேன்" என்று டெய்லரக்கா கையைத் துடைத்துக்கொண்டு பீரோவைத் திறந்தாள்.